பழசு வேறு, பழுது வேறு

நெய்வேலி டவுன்ஷிப்பில் யாராவது ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறார் என்றால், சாமான் ஏற்ற லாரி வருவதற்கு முன்னாலேயே காயலான் கடைக்காரர் வந்துவிடுவார். டிவி, டேப் ரெக்கார்டர், ஹோம் தியேட்டர், பையன் காலேஜில் வைத்திருந்த லேப்டாப், டிராயர் நிறைய செல்போன்.. எல்லாம் எடைக்குப் போகும். ஏன் சார் என்று கேட்டால் ஒரே பதில்தான். "அது பழசுங்க."

பழசு சரி. பழுதா? அதை யாரும் பார்ப்பதில்லை. இந்த ரெண்டு வார்த்தையையும் ஒன்றாக்கியதுதான் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளின் மிகப் பெரிய வெற்றி.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஊரே பழசை ஓட்டி வாழ்ந்த ஊர். முதல் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓட ஆரம்பித்தது 1962-ல். கடைசி யூனிட் 1970-ல். வயசாகிவிட்டது என்று இடித்துத் தள்ளவில்லை. 1992-ல் ஆயுள் நீட்டிப்புக்கு அனுமதி வாங்கி, 1999 வரை வேலை பார்த்து, இன்னும் 15 வருஷம் ஓடும் என்றார்கள். அதையும் தாண்டி ஓடி, 2020 செப்டம்பரில்தான் மொத்தமாக நின்றது. அப்படிப்பட்ட மெஷின்களோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவர் வீட்டில், ஐந்து வருஷ லேப்டாப் "பழசு" ஆகிவிடுகிறது!

காமர்ஸ் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று. கம்பெனிகள் சட்டம் 2013-ன் இரண்டாம் அட்டவணைப்படி லேப்டாப்பின் ஆயுள் 3 வருஷம். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவீதம் தேய்மானம். 30,000 ரூபாய் லேப்டாப் முதல் வருஷ முடிவில் 18,000, அடுத்து 10,800, பிறகு 6,480, ஐந்தாம் வருஷ முடிவில் சுமார் 2,333. கவனியுங்கள். இந்த முறையில் எத்தனை வருஷம் போட்டாலும் மதிப்பு பூஜ்யத்தைத் தொடாது. வரிக் கணக்கே பொருளைச் சாகடிக்கவில்லை. வீட்டில்தான் சாகடிக்கிறார்கள்.

சரி, உண்மையில் எதனால் சாகிறது? எல்இடி டிவியில் சத்தம் வருகிறது, படம் வரவில்லையா? பல சமயம் போனது பேக்லைட் பட்டை மட்டும்தான். ஆம்ப்ளிஃபயர் உறுமுகிறதா? சில ரூபாய் கெபாசிட்டர் வீங்கியிருக்கும். அதே ஆம்ப்ளிஃபயரில் ஒரு ப்ளூடூத் போர்டு பொருத்தினால் செல்போன் பாட்டு பழைய மரப்பெட்டி ஸ்பீக்கரில் கணீரென்று கேட்கும். பழைய கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் எல்இடி விளக்குகளை எரிய வைக்கும். லேப்டாப் ஆமையாகிவிட்டதா? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டால் அடையாளமே தெரியாது.

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் 2020-க்குள் சுமார் 50 லட்சம் லேப்டாப்கள் கொடுக்கப்பட்டன. அவற்றில் எத்தனை பரணில் தூங்குகின்றன? ராம் கூட்டி, எஸ்எஸ்டி போட்டு, லுபுண்டு மாதிரி இலகுவான லினக்ஸ் ஏற்றினால் ஒரு ஸ்கூல் பிள்ளைக்கு டைப் அடிக்க, பாடம் பார்க்க, கோடிங் பழக அது போதும்.

சில பொருட்கள் சாவதில்லை, சாகடிக்கப்படுகின்றன. பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தை சாஃப்ட்வேர் மூலம் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பேட்டரியை மாற்றினால் வேகம் திரும்பியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0, புது ப்ராசசர் எல்லாம் வேண்டும். முந்தின நாள் வரை நன்றாக ஓடிய மெஷின் மறுநாள் "பழசு". அதில் ஒரு ஸ்க்ரூ கூடத் தளரவில்லை.

"ரிப்பேர் காசுக்குப் புதுசே வாங்கலாமே" என்பார்கள். சில நேரம் நிஜம்தான். ஆனால் அந்த ரிப்பேர் காசை ஏற்றியது யார்? பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியவன். ஸ்பேர் பார்ட்ஸ் வெளியே தராதவன். ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் செல்போன்களுக்கு, அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் 7 வருஷம் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்பது விதி. இந்தியாவில் பழுது பார்க்கும் உரிமைக்கு 2022 ஜூலையில் குழு போட்டார்கள், டிசம்பரில் ஒரு இணையதளம் திறந்தார்கள். இணையதளம் பேட்டரியைக் கழற்றித் தராது. விதி வேண்டும்.

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்பதல்ல வாதம். வீங்கிய லித்தியம் பேட்டரியை நோண்டக்கூடாது. பழைய டியூப் டிவிக்குள் ஹை வோல்ட்டேஜ், கண்ணாடியில் காரீயம். அதெல்லாம் முறையான மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும். திறந்து பார்த்தபின் தூக்கிப் போடுவது வேறு, பார்க்காமலே போடுவது வேறு.

புதுசு ஒவ்வொன்றுக்கும் எங்கேயோ ஒரு மண்ணைத் தோண்டுகிறார்கள். தோண்டுவது என்றால் என்ன என்று நெய்வேலிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மேல்மண்ணை அள்ளிக் கொட்டி, அது மலையாக நிற்பதைத் தினம் பார்க்கிற ஊர் இது. அந்த நிலம் யாரோ ஒருவருடைய வயலாக இருந்தது என்பதும் இந்த ஊருக்குத் தெரியும்.

எலக்ட்ரிகல், இன்ஸ்ட்ருமென்டேஷன் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமே கிடையாது. வருஷா வருஷம் அந்தக் கைகளும் ரிட்டயர் ஆகி லாரி ஏறிப் போகின்றன. வட்டத்துக்கு ஒரு இடம், மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு மல்டிமீட்டர், நாலு சால்டரிங் அயர்ன், ரிட்டயர் ஆன ரெண்டு பேர், கற்றுக்கொள்ள பத்து மாணவர்கள். இதற்கு டெண்டர் தேவையில்லை. காயலான் கடைக்காரரைக் கூப்பிடும் முன் அந்த ஞாயிறு வரை காத்திருந்தால் போதும்.