உலக வங்கித் தலைவருக்கும் போட்டி வேண்டும்

உலக வங்கித் தலைவர் அஜய் பங்காவின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2028 ஜூன் தொடக்கத்தில் முடிகிறது. அதற்கு முன்பே இந்திய அரசு ஒன்றை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஒரே ஒரு பெயரை வைத்து நடத்தும் தலைவர் தேர்வுக்கு இந்தியா இனி ஆதரவு தராது என்று சொல்ல வேண்டும்.

அந்த வங்கியின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைக் கேட்கிறேன். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தபோது, உலக வங்கிக் கடனில் ஏரிகளையும் வாய்க்கால்களையும் சீரமைக்கும் பணியில் இருந்தேன். அலுவலகத்துக்கு ஒரு ஜெராக்ஸ் மெஷின் வாங்குவதென்றாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். ஆலோசனை நிறுவனத்தை அமர்த்த ஆறு நிறுவனங்களின் பட்டியல் போட வேண்டும். தொழில்நுட்ப மதிப்பெண்ணை முடிவு செய்த பிறகுதான் விலை உறையைப் பிரிக்கலாம். பெரிய ஒப்பந்தம் என்றால் வங்கியிடமிருந்து ‘ஆட்சேபணை இல்லை’ என்று கடிதம் வந்தால்தான் அடுத்த படி. சிங்கிள் டெண்டர் வந்துவிட்டாலோ கேள்விமேல் கேள்வி. ஏன் ஒருவர் மட்டும் வந்தார்? விளம்பரம் ஒழுங்காகப் போனதா? நிபந்தனைகளை யாருக்காவது தோதாக எழுதினீர்களா? பதில் எழுதியே வாரங்கள் ஓடும். மழைக்கு முன்னால் மதகு வேலை முடியுமா என்று விவசாயிகள் வாசலில் நிற்பார்கள். இத்தனைக்கும் அந்த விதிகளை நான் மதித்தேன், இன்றும் மதிக்கிறேன். செல்வாக்கு உள்ளவர் கைக்கே வேலை போய்ச் சேர்வதைத் தடுக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அதே வங்கி தன் தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? 1946-இல் யூஜின் மேயர் தொடங்கி பங்கா வரை முறைப்படி தேர்வான தலைவர்கள் அத்தனை பேரும் அமெரிக்கக் குடிமக்கள். வங்கியின் சாசனத்தில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. நிர்வாக இயக்குநர்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. மற்றதெல்லாம் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு: வங்கி அமெரிக்காவுக்கு, பன்னாட்டு நாணய நிதியம் ஐரோப்பாவுக்கு. 1944 ஜூலையில் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகள் கூடி இந்த இரண்டு அமைப்புகளுக்கும் வடிவம் கொடுத்தபோது, இந்தியக் குழுவில் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். நாடு அப்போது வெள்ளையர் ஆட்சியில் இருந்தது. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்கு அங்கே நாற்காலியே இல்லை. அந்த உலகம் மறைந்து எத்தனையோ காலமாகியும் ஏற்பாடு மட்டும் அசையவில்லை.

திறந்த முறையில், தகுதி பார்த்துத் தேர்ந்தெடுப்போம் என்று 2011-இல் உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன. அடுத்த ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. நைஜீரிய நிதியமைச்சர் என்கோசி ஒகோன்ஜோ-இவேலா போட்டியிட்டார். உலக வங்கியிலேயே பல்லாண்டு பணியாற்றி, அதன் மேலாண் இயக்குநர் பொறுப்பு வரை உயர்ந்தவர். வளரும் நாடுகளின் கடனையும் வறுமையையும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பார்த்தவர். கொலம்பியாவின் ஹோசே அந்தோனியோ ஒகாம்போ கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார். அமெரிக்கா நிறுத்திய ஜிம் யோங் கிம் வென்றார். எந்த நாடு யாருக்கு வாக்களித்தது என்பதை வங்கி வெளியிடவே இல்லை. கிராமத்து மதகு டெண்டரில் கலந்துகொண்டவர்களின் விலையைக் கூட எல்லார் முன்னிலையிலும் வாசிக்கச் சொன்ன வங்கி இது!

அதற்குப் பிறகு அந்த அளவுப் போட்டியும் இல்லை. 2016-இல் கிம்முக்கு மறுபதவி, 2019-இல் டேவிட் மால்பாஸ், 2023-இல் பங்கா. மூன்று முறையும் ஒரே ஒரு வேட்பாளர். கிம் இரண்டாம் பதவிக்காலத்தில் மூன்றாண்டுக்கு மேல் மிச்சமிருக்கும்போதே தனியார் முதலீட்டு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவருக்கு முன்னால் 2005-இல் அமர்ந்த பால் வுல்ஃபோவிட்ஸ், ஈராக் போரை முன்னெடுத்தவர்களில் ஒருவர். தன் தோழிக்குச் சம்பள உயர்வு கிடைக்கச் செய்த விவகாரத்தில் 2007-இல் விலக நேர்ந்தது. வங்கி அதிகாரிகள் நம் ஊருக்கு வந்து நல்லாட்சி பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

பங்கா புனேவில் பிறந்தவர் என்பதில் நம் செய்தித்தாள்களுக்குப் பெருமை இருந்தது, இந்திய அரசும் அவரை ஆதரித்தது. அவர் திறமையானவராகவே இருக்கட்டும். மூன்று பேரோடு போட்டியிட்டு அவர் வென்றிருந்தால் அந்தத் திறமை எல்லாருக்கும் நிரூபணமாகியிருக்கும். ஆனால் நடந்தது வேறு: அன்றைய அமெரிக்க அதிபர் பைடன் முன்மொழிந்தார், வேறு பெயர் வரவில்லை, முடிந்தது.

பணம் அதிகம் போட்டவர் தலைவரை வைத்துக்கொள்கிறார், அதில் என்ன தப்பு என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் வாக்கு சுமார் 16 சதவீதம். சாசனத்தைத் திருத்த 85 சதவீத வாக்கு தேவை என்பதால், திருத்தத்தைத் தடுக்க அது போதும். தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போதாது. ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து தூக்கிவிடுவதால்தான் காரியம் நடக்கிறது. அதோடு, வங்கி கடனாகத் தரும் பணத்தில் பெரும்பகுதி சந்தையில் பத்திரம் விற்றுத் திரட்டுவது. நாம் கட்டும் வட்டியில்தான் அதன் நிர்வாகச் செலவு நடக்கிறது. 1949-இல் ரயில்வேக்காக முதல் கடன் வாங்கிய இந்தியா, அதன் மிகப் பெரிய கடன்தாரர்களில் ஒன்று.

வேறு வழி உண்டு என்பதற்கு நேரடிச் சான்று ஆப்பிரிக்காவில், ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரில் இருக்கிறது. 2025 மே மாதம் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கித் தலைவர் பதவிக்கு ஐந்து பேர் போட்டியிட்டார்கள். ஒட்டுமொத்த வாக்கிலும் ஆப்பிரிக்க நாடுகளின் வாக்கிலும் தனித்தனியே பெரும்பான்மை பெற வேண்டும் என்பது அங்கே விதி. மூன்றாவது சுற்றில் மொரிட்டேனியாவின் சிதி ஊல்ட் தா 76 சதவீதத்துக்கு மேல் வாங்கி வென்றார். எண்ணிக்கை ஊருக்கெல்லாம் தெரிந்தது. அமெரிக்கக் கண்ட நாடுகளின் வளர்ச்சி வங்கி இன்னொரு பாடம் தருகிறது. தலைவர் லத்தீன் அமெரிக்கர்தான் என்ற வழக்கத்தை மீறி 2020-இல் ட்ரம்ப் அரசு தன் நாட்டவரான மவுரிசியோ கிளாவர்-கரோனை அமர்த்தியது. ஒழுங்கு விசாரணைக்குப் பின் 2022-இல் உறுப்பு நாடுகள் அவரை நீக்கின. அந்த நவம்பரிலேயே, ஐவர் முன்மொழியப்பட்ட போட்டியில் பிரேசிலின் இலான் கோல்ட்ஃபாஜ்ன் தேர்வானார். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்குக் கடன் தரும் ஆசிய வளர்ச்சி வங்கியில்தான் 1966 முதல் இன்று வரை பதினொரு தலைவர்களும் ஜப்பானியர்கள். அங்கேயும் இதே கேள்வியை எழுப்ப வேண்டும்.

உலக வங்கியில் மொத்தம் 25 நிர்வாக இயக்குநர்கள். இந்திய இயக்குநர் வங்கதேசம், பூடான், இலங்கை ஆகியவற்றுக்கும் சேர்த்துப் பேசுகிறார். எந்த இயக்குநரும் ஒருவரை முன்மொழியலாம். நம் வாக்கு மூன்று சதவீத அளவுதான். ஆனால் பெயர் முன்மொழிய வாக்கு பலம் தேவையில்லை. பிரேசில், தென்னாப்பிரிக்கா, நைஜீரியா போன்ற நாடுகளோடு முன்கூட்டியே பேசி, தகுதியுள்ள ஒருவரை நிறுத்தலாம். வேட்பாளர்களின் நேர்காணலைப் பொதுமக்கள் பார்க்கும்படி நடத்தவும், வாக்கு விவரத்தை வெளியிடவும் கோரலாம். உலக வங்கியின் ஆளுநர் குழுவில் இந்தியாவின் சார்பில் இருப்பவர் நம் நிதியமைச்சர். 2028 தேர்வில் இந்தியா யாரை முன்மொழியப் போகிறது என்று தமிழ்நாட்டு எம்.பி.க்கள் அவரிடம் நாடாளுமன்றத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டும்.