கோவா போக்கர் போட்டி: ஜெயிச்சாலும் நஷ்டம் வருமா? கிளம்பும் முன் ஒரு கணக்கு

செல்போனில் ரம்மி, போக்கர் ஆப்கள் பணம் கட்டி ஆடுவதை நிறுத்திவிட்டன. அதனால், "ஆன்லைன்ல தானே தடை, கோவா கப்பல்ல நடக்குற பெரிய போட்டிக்கே நேரா போயிடலாமே" என்ற பேச்சு புதுக்கோட்டை, அறந்தாங்கி டீக்கடை வரை வந்துவிட்டது. போகலாமா? போனால் கையில் என்ன மிஞ்சும்? பார்ப்போம்.

தடை எதற்கு?

ஆன்லைன் சூதாட்டத்தால் நடந்த தற்கொலைகளைத் தொடர்ந்து, 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் தமிழக அரசு குழு அமைத்தது. அதன்பின் வந்த தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் அமலானது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்கள் என்று கூறி, அவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இந்த வாதத்துக்கே இடம் வைக்கவில்லை. திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் எல்லாமே தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம். ஆடுபவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை.

அப்போ கோவா மட்டும் எப்படி?

நேரில் ஆடும் சூதாட்டம் மாநிலங்களின் அதிகாரத்தில் வருது. கோவா தனது 1976-ம் ஆண்டு சட்டத்தைத் திருத்தி கேசினோக்களை அனுமதித்தது. பனாஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் ஒன்றான டெல்டின் ராயலில்தான் 2017-ல் வேர்ல்ட் போக்கர் டூர் இந்தியா போட்டி நடந்தது. 21 வயது ஆகியிருந்தால் வெளிமாநிலத்தவர் போகலாம்.

பரிசுப் பணம் எங்கிருந்து வருது?

இங்கதான் பலர் ஏமாறுவது. நம்ம தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டில் மாடுபிடி வீரர் பணம் கட்டுவதில்லை. பதிவும் மருத்துவப் பரிசோதனையும் போதும். பரிசு விழாக்குழுவும் நன்கொடையாளர்களும் தருவது. போக்கர் அப்படி இல்லீங்க. ஆடுபவர்கள் கட்டும் நுழைவுக் கட்டணம்தான் பரிசுத் தொகை. அதிலும் நடத்துபவர் பங்கு போன பிறகுதான் மிச்சம். பொதுவாக 100 பேர் ஆடினால் 10 முதல் 15 பேருக்குத்தான் பரிசு. மற்ற 85 பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

வரி எவ்வளவு?

ஒரு எடுத்துக்காட்டு. நுழைவுக் கட்டணம் ரூ.10,000 என்று வைப்போம். கேசினோவுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40%. அதைச் சேர்த்தால் ரூ.14,000.

நீங்கள் கடைசிப் பரிசு இடத்தைப் பிடித்து, கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது ரூ.20,000 ஜெயிக்கிறீர்கள். சீட்டாட்டப் பரிசுக்கு வருமான வரி 30%, அதன்மேல் 4% செஸ். மொத்தம் 31.2%, அதாவது ரூ.6,240. கையில் வருவது ரூ.13,760.

கட்டியது 14,000. ஜெயிச்சும் 240 ரூபாய் நஷ்டம்! புதுக்கோட்டையிலிருந்து போய்வரும் செலவு, தங்கும் அறை, சாப்பாடு தனி. இந்தச் செலவையோ, முந்தைய போட்டிகளில் தோற்றதையோ சட்டப்படி கழிக்க முடியாது. உங்கள் ஆண்டு வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் இந்த வரி உண்டு.

சாதாரண ஆள் ஜெயிச்சதே இல்லையா?

உண்டு. 2003-ல் அமெரிக்காவில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், ஆன்லைன் தகுதிச்சுற்று வழியாக லாஸ் வேகாஸ் உலகப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் வென்றார். எல்லாரும் சொல்வது இந்தக் கதையைத்தான். அன்று ஆடியவர்கள் 839 பேர். மற்ற 838 பேரில் பெரும்பாலானோர் கட்டிய பணத்தை இழந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. சின்னத் தொகையில் ஆன்லைன் தகுதிச்சுற்று ஆடும் அந்த வழியும் இப்போது இந்தியாவில் மூடியாச்சு.

அப்போ போகக் கூடாதா?

சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதைச் சம்பாத்தியம்னு நினைச்சுப் போகாதீங்க. திரும்பி வராது என்று ஒதுக்கிய பணம் இருந்தால், சுற்றுலாச் செலவு மாதிரி போய் வரலாம். நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ போகும் நிலை வந்தால், அது பொழுதுபோக்கு இல்லை. ஆட்டத்தை விட முடியவில்லை என்று தோன்றினால் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.