லிஸ்ற் துறந்தது எதனை?

1847 செப்ரெம்பரில், அன்றைய ருஷ்யப் பேரரசுக்குட்பட்டிருந்த எலிசவெற்கிராட் நகரில் பிரான்ஸ் லிஸ்ற் தமது இறுதிக் கட்டணக் கச்சேரியை நிகழ்த்தினார். அப்பொழுது அவருக்கு வயது 35. ஐரோப்பாவில் அவருக்கு நிகரான பியானோக் கலைஞர் இலர் என்று கருதப்பட்ட காலம் அது. அதன் பின்னர் 1886இல் இறக்கும் வரை, தம் வருவாய்க்காக அவர் பொதுமேடையில் வாசித்ததில்லை.

இந்த விலகலைத் துறவு என்று போற்றுவது வழக்கமாகிவிட்டது. புகழின் உச்சியில் உலகை உதறிய ஞானி என்று ஒரு சாரார் அவரை வணங்குகின்றனர். மேடைக் காலத்து லிஸ்ற் வெறும் வித்தைக்காரர், 1848இன் பின்னரே அவர் கலைஞரானார் என்று இன்னொரு சாரார் தீர்ப்புக் கூறுகின்றனர். முரண்பட்டவை போலத் தோன்றும் இவ்விரு கூற்றுக்களும் ஒரே அடித்தளத்தில் நிற்பவை. பொதுமக்களின் கரவொலி கலைக்கு இழுக்கு என்பதே அவ்வடித்தளம். அதனை நாம் ஏற்றல் இயலாது.

மேடைக் காலத்தில் நிகழ்ந்தது யாது? பாடகர், வயலின் கலைஞர் எனப் பலரும் கூடி நடத்திய கலவைக் கச்சேரிகளே அன்றைய வழக்கம். தனியொரு பியானோக் கலைஞர் முழு நிகழ்ச்சியையும் தாங்கும் மரபினை நிலைநாட்டியவர் லிஸ்ற். பெற்ஹோவனின் சிம்பனிகளையும் ஷூபேர்ட்டின் பாடல்களையும் அவர் பியானோவுக்கென மாற்றியமைத்தார். பெரும் இசைக்குழுவைக் கேட்கும் வாய்ப்பில்லாதவர்க்கும் அவ்விசை இதனால் எட்டியது. பொன்னில் பெற்ஹோவனுக்குச் சிலை எழுப்பப் பணம் போதாதிருந்தபோது, குறையை நிரப்ப முன்வந்தவரும் அவரே. இத்தகையவரை வித்தைக்காரர் என ஒதுக்குவது இரசனையன்று, மேட்டிமை.

ஆயின் அம்மேடைக்கு மறுபக்கமும் உண்டு. 1841 டிசெம்பர் முதல் பத்து வாரங்களில் பேர்லினில் மாத்திரம் அவர் 21 கச்சேரிகள் நிகழ்த்தினார். அறுந்த பியானோத் தந்திகளையும் அவர் வீசிய சுருட்டுத் துண்டுகளையும் இரசிகைகள் பொறுக்கிப் பாதுகாத்தனர். 1844இல் கவிஞர் ஹைனே இவ்வெறிக்கு லிஸ்ற்றின் பெயரையே சூட்டினார். இங்கு விலைபோனது இசை மாத்திரமன்று, மனிதனுமே. இசைகேட்க வந்த மக்களை நாம் குறைகூற வேண்டியதில்லை. கலைஞனையே பண்டமாக்கிய சந்தையே குற்றவாளி. எலிசவெற்கிராட்டில் லிஸ்ற் துறந்தது மக்களையுமன்று, பியானோவையுமன்று, அச்சந்தையையே. அறப்பணிகளுக்காக அவர் பின்னரும் வாசித்தார் என்பது இதற்குச் சான்று.

இவ்விடத்தில் நின்றுவிட்டால் நாமும் புகழ்பாடிகளாவோம். சந்தையை விட்டவர் எங்கே சென்றார்? 1848இல் வைமார் அரசவையின் இசைப் பொறுப்பினை ஏற்று அந்நகரில் குடியமர்ந்தார். அங்கு அவருடன் வாழ்ந்தவர், 1847இல் கியேவில் சந்தித்த இளவரசி கரோலின். இளவரசியின் உக்ரேனியப் பண்ணைகளில் ஏறத்தாழ 30,000 பண்ணையடிமைகள் இருந்தனர் என்பர். ருஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது 1861இலேயே. வைமாரில் பிறந்த சிம்பனிக் கவிதைகளையும், 1853இல் நிறைவுற்ற பி மைனர் சொனாட்டாவையும் நாம் வியக்கிறோம், வியக்கத்தான் வேண்டும். ஆனால், அந்த ஓய்வுக்கு யாருடைய வியர்வை விலையாயிற்று என்று கேளாத வியப்பு குருட்டு வியப்பாகும்.

அரசவையாவது சுதந்திரம் தந்ததா? 1849 டிரெஸ்டன் கிளர்ச்சியின் பின் நாடுகடந்து வாழ்ந்த வாக்னரின் 'லோஹென்கிறீன்' இசைநாடகத்தை 1850இல் துணிந்து அரங்கேற்றினார் லிஸ்ற். 1858இல் தம் மாணவர் கோர்னீலியுஸின் இசைநாடகத்தை அரங்கேற்றியபோது அவையில் எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது. அத்துடன் அப்பதவியிலிருந்தும் அவர் விலக நேர்ந்தது. சந்தைக்குக் கட்டணம் எஜமான். அரசவைக்குப் பிரபு எஜமான். ஒன்றிலிருந்து தப்பி மற்றொன்றில் புகுவது விடுதலையாகுமா?

விடை லிஸ்ற்றின் பெயரிலேயே இருக்கிறது. 1835இல் பாரிஸில் அவர் பெயரில் வெளிவந்த கட்டுரைகள், கலைஞன் ஏவலாளாக நடத்தப்படுவதைக் கண்டித்தன. ஆரம்பப் பாடசாலைகளில் இசைக் கல்வியையும், சிறந்த ஆக்கங்களின் மலிவுப் பதிப்புக்களையும் கோரின. கலையைத் தனிமனிதனின் துறவினால் அன்றி, சமூகத்தின் ஏற்பாட்டினால் காக்க வேண்டும் என்பதே அக்கோரிக்கையின் சாரம். முதுமையில் மாணவர்க்குக் கட்டணமின்றிக் கற்பித்தபோது அவர் அதனைத் தம்மளவில் நிறைவேற்றினார். ஆனால், ஒருவரது பெருந்தன்மை ஒரு முறைமைக்கு ஈடாகாது.

ஆகவே, லிஸ்ற்றின் பிரியாவிடையைப் போற்றுவோரிடம் நாம் கேட்க வேண்டியது இதுவே: மேடையை விட்டிறங்க ஒரு மேதைக்கு அரசவையும் இளவரசியும் கிட்டினர், கிட்டாத கலைஞன் எங்கே இறங்குவான்?