இம்போர்ட் என்று பேர் வைத்தால் இம்போர்ட் ஆகிவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பெங்களூரிலும் சென்னையிலும் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் பிள்ளைகள் கடைசிவரை படிக்கணும். உங்களிடம் ஒரு வேலை சொல்லப் போகிறேன்.

2019ல் வந்த நம் பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் மொத்தம் 16 பாடம். 14ஆவது பாடம், சி பிளஸ் பிளஸ் நிரல்களைப் பைத்தானில் இம்போர்ட் செய்வது பற்றி. நான் சொல்கிறேன், அந்தப் பாடத்தில் எதுவுமே இம்போர்ட் ஆகவில்லை.

"ஒன்றியப் பள்ளி டீச்சருக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். உண்மைதான், நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து, கடன் வாங்கிக் கழித்தல் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் தலைப்பில் சொன்னது பாடத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதுதானே வாழ்நாளெல்லாம் என் வேலை? பேத்தியோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். புரியாத இடத்தை என் பழைய மாணவன் ஒருவனிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பாடத்தில் நடப்பது இதுதான். ஒரு பைத்தான் நிரல், சி பிளஸ் பிளஸ் கோப்பின் பெயரை வாங்கிக்கொள்கிறது. 'ஓஎஸ் டாட் சிஸ்டம்' என்ற கட்டளை மூலம் கம்பைலரை ஓடவிடுகிறது. பிறகு கம்பைல் ஆன நிரலை ஓடவிடுகிறது. அந்த நிரல் தனியாக ஓடி, விடையைத் திரையில் எழுதிவிட்டு முடிந்துபோகிறது. பைத்தானுக்குத் திரும்பக் கிடைப்பது, வேலை ஒழுங்காக முடிந்ததா இல்லையா என்று சொல்லும் ஒரு எண் மட்டும். அங்கே இருக்கும் ஒரு ஃபங்ஷனை இங்கிருந்து கூப்பிட வழியில்லை. அது கொடுத்த விடையை வாங்கி அடுத்த கணக்கில் போடவும் வழியில்லை.

விடியற்காலையில் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஜீப்பில் ஆளை ஏற்றி அனுப்பிவிட்டு, சாயங்காலம் "வேலை முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்பதுதான் இந்தப் பாடம்.

நிஜமான இணைப்பு எப்படி இருக்கும்? முதலாளிக்கு மலையாளம். நம் பெண்களுக்குத் தமிழ். நடுவில் இரண்டும் தெரிந்த கங்காணி. முதலாளி சொல்கிறார்: "காயைத் தரம் பிரி. எது பெருசு, எது சிறுசு என்று சந்தேகம் வந்தால் என்னைக் கேள்." வேலை நடக்கும்போதே கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரும், பதில் திரும்பப் போகும். இப்படி "தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடு" என்று ஒப்படைக்கும் ஃபங்ஷனுக்குத்தான் கால்பேக் என்று பெயர்.

சி மொழியில் 'கியூசார்ட்' என்று வரிசைப்படுத்தும் ஃபங்ஷன் ஒன்று உண்டு. அதற்கு அடுக்கத் தெரியும், இரண்டில் எது பெரிது என்று தெரியாது. அதைச் சொல்லும் ஃபங்ஷனை நாம் கொடுக்க வேண்டும். அந்த ஃபங்ஷனைப் பைத்தானில் எழுதி, 'சிடைப்ஸ்' என்ற பாலம் வழியாகக் கொடுக்கலாம். சி அடுக்கிக்கொண்டே போகும், ஒப்பிட வேண்டிய ஒவ்வொரு தடவையும் பைத்தானைக் கூப்பிட்டுக் கேட்கும். பைத்தானின் சொந்தக் கையேட்டிலேயே இந்த உதாரணம் இருக்கிறது.

இதில் பிள்ளைகள் கற்க வேண்டியது இரண்டு. ஒன்று, சி மொழியில் ஒரு முழு எண்ணுக்கு இவ்வளவு பைட் என்று அளவு உண்டு. பைத்தான் எண்ணுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால் என்ன வகை போகிறது, என்ன வகை திரும்புகிறது என்று பாலத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரண்டு, யாரும் பிடித்துக்கொண்டிராத பொருளைப் பைத்தான் துடைத்துவிடும். சி பிடித்திருப்பது அதன் கணக்கில் வராது. கால்பேக்கைப் பைத்தான் பக்கத்தில் பத்திரமாக வைக்காவிட்டால், சி கூப்பிடும் நேரத்தில் அது இருக்காது. நிரல் நொறுங்கிவிடும். வியாபாரியிடம் "விலை ஏறினால் கூப்பிடுங்க" என்று நம்பர் கொடுத்துவிட்டு சிம்மைத் தூக்கிப் போட்ட கதைதான்.

"பிளஸ் டூ பிள்ளைக்கு இது அதிகம் டீச்சர்" என்பார்கள். எது அதிகம்? பிளஸ் ஒன்னிலேயே சி பிளஸ் பிளஸ் படித்தாயிற்று. இதே புத்தகத்தின் 7ஆவது பாடத்தில் லாம்டா வருகிறது. அதை மேப், ஃபில்டர் ஆகியவற்றோடு பயன்படுத்துவார்கள் என்றும் சொல்கிறார்கள். ஒரு ஃபங்ஷனை இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுப்பதுதானே அது? இரண்டு கரையும் பிள்ளைக்குத் தெரியும், நடுவில் பாலம்தான் இல்லை. சிடைப்ஸ், ஸ்விக், சைத்தான், பூஸ்ட் என்று பாலங்களின் பெயரை 14ஆவது பாடமே அடுக்குகிறது. எதற்கு? ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்ய. ஒரு பாலத்தின் மேலும் பிள்ளையை நடக்க விடவில்லை.

வேறொரு நிரலை ஓடவிடக் கற்பது தப்பில்லை, உபயோகமானதுதான். அதற்கு அதன் பெயரை வையுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டிலும் இருப்பது சுரைக்காய் இல்லை.

இதற்கு இவ்வளவு கோபம் ஏன் என்றால், நகரத்துப் பிள்ளை யூடியூப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். கோம்பையிலும் சின்னமனூரிலும் தமிழ் மீடியத்தில், வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமல் படிக்கும் பிள்ளைக்குப் புத்தகம்தான் வேதவாக்கு. நாளைக்கு இன்டர்வியூவில் "இரண்டு மொழியை எப்படி இணைப்பாய்?" என்று கேட்டால், அது மனப்பாடமாக ஓஎஸ் டாட் சிஸ்டம் என்று சொல்லும். எதிரில் இருப்பவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டியது?

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தை நான் கேட்பது இரண்டே பக்கம். சிடைப்ஸ் 2006ல் வந்த பைத்தான் 2.5 முதல் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து வரியில் ஒரு கியூசார்ட், ஒரு கால்பேக். போதும்.

சாஃப்ட்வேரில் இருக்கும் தம்பி தங்கச்சிகளா, உங்களிடம் சொல்ல வந்த வேலை இதுதான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, நீங்கள் படித்த பள்ளியில் அனுமதி கேட்டு, ஒரு மணி நேரம் இந்த உதாரணத்தை ஓட்டிக் காட்டுங்கள். சி கூப்பிடும்போது பைத்தான் பதில் சொல்வதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். நான் சொன்னதில் நுணுக்கம் ஏதும் சேர்க்க வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள். சரியென்று பட்டால் பகிருங்கள்.

உங்கள் டீச்சர்.