மண்டியும் மன்றமும்

ஊருக்கு ஊர் ஒரு பெரிய மனிதர் உண்டு. கடைவீதியில் அவர் பெயரில் ஒரு மண்டி. கோயில் விழாவிலே முதல் மரியாதை. நகராட்சி மன்றத்திலே ஒரு நாற்காலி! செல்வம் செல்வாக்கைத் தருகிறது. செல்வாக்கு பதவியைத் தருகிறது. பதவி மறுபடியும் செல்வத்தைத் தருகிறது. செக்கு மாட்டின் சுற்று இது. இந்தச் சுற்றிலே பிறந்து, வளர்ந்து, உச்சிக்கும் சென்று, பின்னர் நுகத்தடியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியேறிய வணிகர் ஒருவரை இன்று நினைத்துப் பார்ப்போம்.

பெரியார் என்று நாடு அழைப்பதற்கு முன்னர், ஈரோடு அவரை மண்டிக்கார இராமசாமி நாயக்கராகவே அறிந்திருந்தது. 1879-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்போ சில ஆண்டுகளே. பன்னிரண்டு வயதில் தந்தையார் வெங்கட்ட நாயக்கரின் கடைக்கு வந்துவிட்டார். மூட்டைகளுக்கு விலாசம் எழுதுவதும், சரக்கை ஏலம் கூறுவதும் அவருக்குப் பாடங்கள் ஆயின. எதிரே நிற்பவன் வாங்க வந்தவனா, வேடிக்கை பார்க்க வந்தவனா என்று முகம் பார்த்து அறியும் கலையை எந்தக் கல்லூரி கற்பிக்கிறது? பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான மக்களிடையே மணிக்கணக்கில் அவர் வாதிட்டபோது, அந்த ஏலக் களத்தின் பயிற்சி பேச்சிலே தெரிந்தது. மறுப்பவனை விரட்டாமல், அவனிடமே கேள்வி கேட்டு மடக்கும் வணிகரின் வழி அது!

தந்தையார் தொழிலை அவரிடம் ஒப்படைத்தார். மண்டி அவர் பெயருக்கே மாறிற்று. பொதுப் பொறுப்புகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கடவுள் நம்பிக்கையற்ற அவர் தேவஸ்தானக் குழுவிலும் பொறுப்பேற்றார், கணக்கை ஒழுங்குபடுத்தினார். நம்பிக்கை வேறு, நாணயம் வேறு என்பதை ஊர் கண்டது. பிளேக் நோய் பரவி, மக்கள் ஊரைக் காலி செய்து ஓடியபோது, அவர் ஓடவில்லை. கைவிடப்பட்ட பிணங்களைத் தம் தோளில் சுமந்தார். 1918-ஆம் ஆண்டளவில் அவர் நகராட்சித் தலைவராக விளங்கினார். காவிரி நீரைக் குழாய் வழியே ஊருக்குள் கொண்டுவந்த பணி அவர் காலத்துப் பணியாகவே போற்றப்படுகிறது. அதே காலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் இராஜாஜி. அக்காலத்தில் மலர்ந்த அவர்களுடைய நட்பு, கொள்கையால் எதிரெதிர்த் துருவங்களான பின்னரும் வாடவில்லை.

அன்றைய நகராட்சி, ஏழைக்கு வாக்கில்லாத மன்றம். வரி செலுத்தும் வசதி படைத்தோரே அங்கு வாக்காளர். அத்தகைய மன்றத்துக்கு ஒரு செல்வர் தலைவரானது வியப்பன்று. வியப்பு அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது!

1919-இல் காங்கிரசில் சேர்ந்தபோது, நகராட்சித் தலைமை உட்பட, தாம் வகித்த 29 பொதுப் பதவிகளையும் அவர் துறந்தார் என்பர். வணிகத்தையும் பின்னர் கைவிட்டார். நீதிமன்றத்தைப் புறக்கணிப்பது என்று இயக்கம் முடிவு செய்தது. அவருக்கு வரவேண்டிய கடனோ ஏறத்தாழ 50,000 ரூபாய். வழக்குத் தொடர்ந்தால்தான் வசூலாகும். பத்திரங்களை மாற்றிக் கொடுத்தால் தாம் வசூலித்துத் தருவதாக நண்பர் ஒருவர் முன்வந்தும், அவர் இசையவில்லை. நேரே செய்யக்கூடாததைச் சுற்றுவழியில் செய்வது மட்டும் நாணயமாகுமா? 1921-இல் கள்ளுக்கு எதிரான போராட்டத்தின்போது, தமது தோப்பிலிருந்த 500க்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டி வீழ்த்தச் செய்தார். ஒரு காசுக்கும் கணக்குப் பார்ப்பவர் என்று பெயரெடுத்த மனிதர் செய்த செலவு இது!

சிக்கனமும் தியாகமும் ஒரே நெஞ்சில் எப்படிக் குடியிருந்தன? விடை எளிது. வீண் செலவு வேறு, விலை கொடுப்பது வேறு. கொள்கைக்கு ஒரு விலை உண்டு என்பதையும், அதைத் தம் கைப்பொருளிலிருந்தே கொடுக்க வேண்டும் என்பதையும் அந்த வணிகர் அறிந்திருந்தார். ஊரார் பொருளை எடுத்து வள்ளல் பட்டம் வாங்கும் வித்தையை அவர் பயிலவில்லை.

தோழர்களே! 1871-இல் நகராட்சியான ஈரோடு, 2008-இல் மாநகராட்சியாகிவிட்டது. வாக்குரிமை இன்று எல்லோருக்கும் உண்டு. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் தந்தது. சட்டம் வளர்ந்திருக்கிறது, மனம் வளர்ந்திருக்கிறதா? மன்ற உறுப்பினர் அந்த மன்றத்தின் குத்தகையிலே பங்கு கொள்ளலாகாது என்பது விதி. மைத்துனன் பெயரிலும், மருமகன் பெயரிலும் அந்த விதிக்குச் சுற்றுவழி தேடுவோர் எந்த ஊரிலும் இல்லையென்று நம்மால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

வணிகர் பொதுவாழ்வுக்கு வரட்டும். கணக்கறிந்தவர் கணக்குப் பார்ப்பது ஊருக்கு நல்லதே. ஆனால், கடையும் நாற்காலியும் எதிரெதிராக இழுக்கும் நாள் ஒன்று வரும். அந்த நாளில் எதை விடுவார் என்று, வாக்குக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள். நமது அணியில் நிற்பவராயின், இன்னும் ஒருமுறை உரக்கக் கேளுங்கள்!