சாயத்தொட்டியும் மீக்கணினியும்

மதுரைச் சுங்குடிச் சேலையை அறியாதார் தமிழகத்தில் அரியர். துணியை நகத்தால் கிள்ளி நூலால் சுற்றி, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகளை இடுவர் பெண்டிர். பல இல்லங்களில் ஒரே வேளையில் இப்பணி நடைபெறுவதால் சேலைகள் பல விரைவில் உருவாகின்றன. பின்னர்ச் சாயமிடுவோர் துணியைத் தொட்டியில் தோய்க்கின்றனர்; தோய்த்த அளவில் துணி முழுதும் நிறம் ஏறுகிறது. அவ்வாறன்றி, முடிச்சுகளின் இடைவெளிதோறும் தூரிகை கொண்டு வண்ணம் தீட்டப் புகுந்தால் என்னாகும்? முடிச்சிட்டோர் விரைவெல்லாம் வீணாகும் அன்றோ?

மீக்கணினிக்கும் இவ்விரு முறைகள் உண்டு. பல செயலிகள் வேலையைப் பங்கிட்டு ஒருங்கே செய்வது இணைமுறை. ஒரே ஆணையால் எண்களின் நெடுவரிசை முழுவதையும் கூட்டியோ பெருக்கியோ முடிப்பது வெக்டர் முறை. செயலிகளைப் பெருக்கினால் போதும், வெக்டர் முறை எதற்கு என்பார் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது.

உயர்திறன் கணினிகளை நம் நாட்டுக்கு விற்பதில் அமெரிக்க அரசு தடை காட்டிய காலத்தில், 1988-ஆம் ஆண்டு புனேயில் சி-டாக் நிறுவனம் தோன்றியது. விஜய் பட்கர் தலைமையில் அறிஞர்கள் உழைத்து, 1991-இல் பரம் 8000 என்னும் கணினியை அளித்தனர். அது டிரான்ஸ்பியூட்டர் என்னும் சிறு செயலிகள் பலவற்றைப் பிணைத்த இணைமுறைக் கணினி. அடுத்து வந்த பரம் 8600-இல், நான்கு டிரான்ஸ்பியூட்டருக்கு ஒன்றாக இன்டெல் ஐ860 செயலியைச் சேர்த்தனர். வெக்டர் கணக்குகளில் அதன் உச்ச வேகம் நொடிக்கு 500 கோடியைக் கடந்தது. முடிச்சிடும் கைகளோடு சாயத்தொட்டியும் சேர்ந்தது எனலாம்.

வையைச் சமவெளி உழவர் ஐப்பசி மழையை எதிர்நோக்கி வாழ்பவர். அம்மழையை முன்னறிய, வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பகுத்து, கட்டந்தோறும் காற்று, வெப்பம், அழுத்தம், ஈரம் ஆகியவற்றைக் கணித்தல் வேண்டும். சமன்பாடுகள் எல்லாக் கட்டத்துக்கும் பொது. எண்கள் மட்டுமே வேறு. வெக்டர் முறைக்கு இதனினும் ஏற்ற பணி ஏது? ஆயினும், உசிலம்பட்டியில் மழை பொழியும்போதே மேலூரில் வெயில் காயக்கூடும். அந்நிலையில் கட்டத்துக்குக் கட்டம் கணக்கு மாறும். ஒரே ஆணை உதவாது. அங்கே தனித்தனிச் செயலிகளே கைகொடுக்கும்.

எப்பகுதி தொட்டிக்கு, எப்பகுதி கைக்கு எனப் பிரித்துத் தருவது நிரல் எழுதுவோர் கடமை. இஃது எளிய பணியன்று. பழைய நிரலை அப்படியே ஏற்றினால் வெக்டர் பகுதி பெரும்பாலும் வாளா இருக்கும். அதற்கு இட்ட பொருள் பாழாகும். கருவிக்குப் பொருள் ஒதுக்குவோர் நிரலாளர் பயிற்சிக்கும் ஒதுக்குவதே முறை. இக்காலத்துக் கைப்பேசிச் செயலியினுள்ளும் சிறியதொரு வெக்டர் பகுதி அமைந்திருக்கிறது. ஆதலால், இக்கலையைத் தொடங்க மதுரை மாணவர் புனே வரை செல்ல வேண்டுவதில்லை. சிறு தொட்டி ஒன்று அவர்தம் வீட்டிலேயே இருக்கிறது.