ஏப்ரலில் கேட்கும் முன்பணம்

பிளஸ் 2 தேர்வு முடிந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. வால்பாறை எஸ்டேட் ஒன்றின் லைன் வீட்டில், கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் என்னிடம் ஒரு ரசீதைக் காட்டினார். கீழே சமவெளியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மகளுக்கு இடம் பிடிக்க 25 ஆயிரம் ரூபாய் கட்டியிருக்கிறார். மகளிர் குழுவில் வாங்கிய கடன். "இப்பவே புக் பண்ணலேன்னா சீட்டு போயிரும்னு சொன்னாங்க அண்ணா" என்றார்.

எந்த ஒதுக்கீட்டில் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, ரசீதிலும் இல்லை. கல்லூரிக்குப் போன் செய்தபோதுதான் "மேனேஜ்மென்ட் கோட்டா" என்றார்கள்.

அந்தச் சொல்லின் விலையை நம் பெற்றோரிடம் யாரும் சொல்வதில்லை. சிறுபான்மை நிறுவனம் அல்லாத தனியார் பொறியியல் கல்லூரி தன் இடங்களில் 65 விழுக்காட்டை அரசுக் கலந்தாய்வுக்குத் தருகிறது. அங்கே பட்டியலினத்தவருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்குத் தனியாக 1 விழுக்காடு உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு. மீதி 35 விழுக்காடு நிர்வாகத்தின் கையில்.

2012 ஜனவரியில் வந்த அரசாணை 6, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடர் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. அதை நம்பித்தான் எஸ்டேட்டுகளிலிருந்து எத்தனையோ பேர் கல்லூரிப் படி ஏறினார்கள். 2018இல் ஒன்றிய அரசு உதவித்தொகை விதிகளை மாற்றி, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை வெளியே நிறுத்தியது. மாநில அரசும் அதே ஆண்டில் அந்த வழியே போனது. முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையும் கலந்தாய்வில் வருகிறவருக்குத்தான். ஆக, ஏப்ரலில் அவசரப்பட்டுப் பணம் கட்டிய பிள்ளை, ஜூலையில் தனக்குக் கிடைக்க வேண்டிய அத்தனையையும் தானே கைகழுவி விடுகிறது. மதிப்பெண் பட்டியல்கூட வராத நாளில்!

பணம் படைத்தவருக்கு இந்த முன்பதிவு ஒரு பொருட்டில்லை. மூன்று கல்லூரியில் முன்பணம் போட்டு, இரண்டை விட்டுவிட அவரால் முடியும்.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் முன்கூட்டிய சேர்க்கை என்று ஒன்று உண்டு. உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கே அது வசதி. அதோடு வாரிசுச் சலுகை: அப்பாவோ அம்மாவோ அங்கே படித்திருந்தால் பிள்ளைக்குக் கதவு இன்னும் அகலமாகத் திறக்கும். ஹார்வர்டு மீதான வழக்கில் வெளிவந்த கணக்கின்படி, பழைய மாணவர்களின் பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான். அந்த வழக்கில் 2023 ஜூன் 29 அன்று வந்த தீர்ப்பு, கருப்பின மாணவர்களுக்குக் கைகொடுத்த முறையைத் தடுத்தது. வாரிசுச் சலுகையைத் தொடவில்லை. கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் அதற்குத் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போன அண்ணல் அம்பேத்கருக்கு அப்படி ஒரு அப்பா இல்லை. பரோடா மன்னரின் உதவித்தொகைதான் இருந்தது.

நமக்கும் ஒரு வாரிசுச் சலுகை இருக்கிறது. எஸ்டேட்டில் வீடு வேலையோடு ஒட்டியது. அம்மா ஓய்வுபெற்றால் லைன் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். மகனோ மகளோ வேலைக்குப் பேர் கொடுத்தால் வீடு தங்கும். எத்தனை பிள்ளைகள் அந்த ஒரு காரணத்துக்காகக் கூடையை மாட்டிக்கொண்டார்கள் என்பது ஒவ்வொரு லைனுக்கும் தெரியும். அட்டைக்கடியும் குளிரும் நான்கு தலைமுறைச் சொத்து.

இதைத் தலைகீழாக்கியதுதான் முதல் பட்டதாரிச் சான்றிதழ். 2010இல் கலைஞர் ஆட்சியில் வந்தது. உன் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லையா, அதனாலேயே உனக்குச் சலுகை என்று சொன்ன திட்டம் அது. ஹார்வர்டு செய்வதற்கு நேர் எதிர். என்னைக் கேட்டால், தமிழ்நாடு உலகத்துக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடங்களில் ஒன்று. ஆனால் அந்தச் சான்றிதழ் கைக்கு வருமுன்பே தரகரின் விசிட்டிங் கார்டு லைனுக்கு வந்துவிடுகிறது.

மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. தேர்வு முடிந்த வாரமே வால்பாறைப் பள்ளிகளில் ஆசிரியர்களும் ஆதிதிராவிடர் நலத்துறையும் உட்கார்ந்து கலந்தாய்வை விளக்க வேண்டும். சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களை எஸ்டேட் வாரியாக முகாம் போட்டுத் தர வேண்டும். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி அலைய வைக்கக் கூடாது. எந்த ஒதுக்கீட்டுக்கு வாங்கிய பணம் என்று கல்லூரிகள் ரசீதில் எழுதியாக வேண்டும்.

நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்கள் தனிக் கதை. தனியார் நிறுவனங்களில் இடஒதுக்கீடு தர வழிசெய்யும் 15(5) பிரிவு 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2014இல் உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்றது. இன்னும் ஒன்றியச் சட்டம் வரவில்லை. அதைக் கொண்டுவரச் சொல்லி நாடாளுமன்றக் கல்விக் குழு 2025 ஆகஸ்டில் பரிந்துரைத்திருக்கிறது. நம் எம்.பி.க்கள் இதைப் பேச வேண்டும்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் பதற வேண்டாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால், சிறு தொகை போக முழுப் பணமும் திரும்ப வேண்டும். விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். அந்த அக்காவுக்கு மூன்று நடை ஆனது. மகள் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள்.